மாவு மில் வளைவின் பாதுகாப்பு ஏற்பாடு

மாவு மில் வளைவில் சாக்கடையை மூடியிருந்த சிமெண்ட் ஸ்லாப் ஒரு புரட்டாசியில் உடைந்து உள்ளே விழுந்தது. ஐப்பசி மழையில் சாக்கடை நிரம்பி, ரோடும் குழியும் ஒரே மட்டமாகத் தெரிந்தன. ஒரு நாள் காலை ஆறே முக்காலுக்கு ராக்கம்மாள் சைக்கிளோடு அதற்குள் இறங்கினாள்.

ராக்கம்மாளுக்குத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பிரியாணிக் கடையில் சின்ன வெங்காயம் உரிக்கிற வேலை. ஏழு மணிக்கு அங்கே உட்கார்ந்தாக வேண்டும். அன்றைக்கு உட்காரவில்லை. இடது மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் கட்டோடு இருந்தாள். கட்டைப் பிரித்தபோது கை கூடியிருந்தது, ஆனால் கடைசி இரண்டு விரல்களும் மரத்துப்போயிருந்தன. கத்தி பட்டால் வெங்காயத்தில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். முதலில் பயமாக இருந்தது. பிறகு அதுவும் பழகிவிட்டது.

கை போனதைப் பற்றி அவள் யாரிடமும் குறை சொல்லவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். மகள் ஸ்ரீமதி பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். அடுத்த வருஷம் பதினொன்றாவதுக்குத் தூரத்துப் பள்ளிக்கூடம். அங்கே விலையில்லாச் சைக்கிள் கொடுப்பார்கள். அதில் ஏறி அவள் இந்த வளைவு வழியாகத்தான் போக வேண்டும், வேறு வழி இல்லை. அதற்குள் அந்தக் குழியின் மேல் ஒரு ஸ்லாப் போட வேண்டும். அவ்வளவுதான்.

சைக்கிள் கடை நாசர் பாய்தான் யாரிடம் கேட்பது என்று சொன்னார்.

"சைக்கிளுக்குன்னே புதுசா ஒரு வாரியம் வச்சிருக்காங்கக்கா. பைபாஸ் பக்கம் பெரிய கட்டடம். அங்க ஒரு மனு குடுத்துப் பாப்போம்."

அந்த வாரியத்தின் மேல் எனக்கு எரிச்சல் உண்டு. அதனால் நிதானமாகவே சொல்லிவிடுகிறேன். அதன் பெயர் மிதிவண்டிப் பயணச் சாத்தியம் மற்றும் பாதுகாப்பு வாரியம். எங்கள் ஊரில் மனிதர்கள் சைக்கிளில் வேலைக்குப் போய்வருவது சாத்தியமா, சாத்தியமென்றால் பாதுகாப்பானதா என்று கண்டுபிடிப்பது அதன் பணி. ஊரில் பாதிப் பேர் சைக்கிளில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்ததால், இதைக் கண்டுபிடிக்க மூன்று வருஷம் ஆகும் என்று திட்டமிட்டிருந்தார்கள். வாசலில் ஒன்பது கார்கள் நின்றன. காவலாளி ராக்கம்மாளைக் கையைக் காட்டி நிறுத்தி, சுவரில் எழுதியிருந்ததைப் படிக்கச் சொன்னார். 'வளாகத்துக்குள் சைக்கிள் நிறுத்தக் கூடாது.'

எதிர்ப் பக்கம் புளியமரத்தடியில் சைக்கிளை விட்டுவிட்டு உள்ளே போனாள். சாத்தியப் பிரிவு முதல் மாடியில் இருந்தது. மனுவைப் படித்த அதிகாரி நல்ல மனிதர், உட்காரச் சொன்னார்.

"குழியில விழுகிற வரைக்கும்தாம்மா எங்க பிரிவு. விழுந்துட்டீங்கன்னா பாதுகாப்புப் பிரிவு."

பாதுகாப்புப் பிரிவு பைபாஸுக்கு அந்தப் பக்கம், வேறு கட்டடத்தில். லாரிகளுக்கு நடுவே ரோட்டைத் தாண்டிப் போனாள். அங்கேயும் மனுவைப் படித்தார்கள்.

"விழுந்ததுக்கப்புறம் உள்ளதுதாம்மா எங்களுக்கு. உங்களுக்குத்தான் கை கூடிருச்சே?"

"கூடிருச்சு சார். குழி அப்படியே கெடக்கு."

"குழி எந்தப் பிரிவுலயும் வராதும்மா."

விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் வாரியம் தொடங்கிப் பதினான்கு மாதத்தில் வந்த முதல் மனு அதுதான். இயக்குநர் தண்டாயுதபாணி அதைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு ராக்கம்மாளைக் கூப்பிட்டு விட்டார். அவர் ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர், மரியாதை தெரிந்தவர்.

"ஏனுங்கம்மா, நீங்க நெஜமாலுமே தெனமும் சைக்கிள்ல போறீங்களா?"

"ஆமாங்கய்யா."

"வேலைக்கா?"

"ஆமாங்கய்யா."

அவர் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். கண்கள் கலங்கியது போலிருந்தது.

"எனக்குச் சைக்கிள் மேல சின்ன வயசுல இருந்தே தனி மரியாதைங்கம்மா. அதனாலதான் இன்னிக்கு வரைக்கும் அது மேல ஏறுனதே இல்லீங்க. உங்க மனுவை நான் சும்மா விடமாட்டேன். ஒரு ஸ்லாப்பைப் போட்டு இதை முடிச்சிர அஞ்சு நிமிஷம் ஆகாது. ஆனா அது இந்தக் குழிக்குப் பண்ற அநியாயம். முழுசா ஆய்வு பண்ணோணும்."

ராக்கம்மாள் நன்றி சொல்லிவிட்டு வந்தாள். என்ன நடந்தது என்று நாசர் பாய் கேட்டார். "நல்லாப் பேசுனாரு பாய். ஸ்லாப்பு மட்டும் போட மாட்டாராம்" என்றாள்.

தை மாதத்தில் ஆய்வு தொடங்கியது. பிராங்க்ளின் என்ற இளைஞன் ஒரு குடையும் பிளாஸ்டிக் நாற்காலியும் டேப்லெட்டும் கொண்டுவந்து மாவு மில் வளைவில் உட்கார்ந்தான். குழிக்கு இரண்டடி தள்ளி நாற்காலியைப் போட்டிருந்தான். அந்த வழியாகப் போகிற சைக்கிள்களை எண்ணுவது அவன் வேலை. டேப்லெட்டில் வண்டி எண்ணுவதற்கு வாரியம் ஏற்கெனவே ஒரு செயலி வைத்திருந்தது. நெடுஞ்சாலையில் லாரிகளை எண்ணுவதற்கு எங்கேயோ செய்ததை அப்படியே வாங்கியிருந்தார்கள். அதில் முதல் கட்டத்தில் பதிவு எண்ணைப் போட வேண்டும். போடாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது.

ராக்கம்மாள் வந்தபோது அவன் முகம் வெளிறிப்போய் இருந்தது.

"அக்கா, வண்டி நம்பர் சொல்லுங்கக்கா."

"சைக்கிளுக்கு ஏது தம்பி நம்பரு?"

"மூணு நாளா எல்லாரும் இதையேதாங்க்கா சொல்றாங்க. இருநூத்திச் சொச்சம் சைக்கிள் போயிருச்சு, ஒண்ணைக் கூட ஏத்த முடியல. இன்னிக்கும் ஒண்ணும் ஏறலைன்னா வேலைய விட்டுத் தூக்கிருவாங்க."

அவளுக்குப் பாவமாக இருந்தது. பையில் ரேஷன் கார்டு இருந்தது, எடுத்துக் கொடுத்தாள். அவன் அந்த எண்ணைப் போட்டான். பக்கம் திறந்தது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"வண்டி எந்த வருஷத்துதுக்கா?"

"கல்யாணத்துக்கு முன்னாடி எங்கப்பா வாங்கிக் குடுத்தது. ரெண்டாயிரத்து ஆறு."

அவன் அதையும் போட்டான். திரை சிவப்பாக மாறியது. இரண்டு பேரும் செத்த நேரம் அதைப் பார்த்தார்கள். "ஏதோ வந்திருக்குக்கா. பரவால்ல, ஏறிருச்சு" என்றான்.

மாசியில் கணக்கெடுப்பு முடிந்து முடிவு வந்தது. எங்கள் பகுதியில் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களின் எண்ணிக்கை ஒன்று. அந்த ஒன்றும் பதினைந்து வருஷத்துக்கு மேற்பட்ட, காலாவதியான வாகனம். தகுதிச் சோதனைக்குக் கொண்டுவரும்படி ராக்கம்மாளுக்கு நோட்டீஸ் வந்தது.

அவள் சைக்கிளைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, ஹேண்டில்பாருக்கு ஒரு முழம் கதம்பம் சுற்றிக் கொண்டுபோனாள். நல்லபடியாகத் தெரிந்தால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தாள். நாசர் பாயும் கூடப் போனார். இந்த முறை காவலாளி சைக்கிளை உள்ளே விட்டார். பறிமுதல் ஆகும் சைக்கிளுக்குத் தடை இல்லையாம்.

சோதிக்க வந்தவர் ஒரு கருவியோடு சைக்கிளை மூன்று முறை சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார்.

"புகை எவ்வளவு வருதுன்னு பாக்கணும். புகைக்குழாயைக் காணோமே?"

"சைக்கிளுக்குப் புகை ஏதுங்க?" என்றார் நாசர் பாய்.

"அதைத்தான் நானும் கேக்குறேன். குழாய் இருந்தாத்தானே புகை வருதா வரலையான்னு சொல்ல முடியும்?"

'புகைக்குழாய் காணப்படவில்லை. களவு போயிருக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ராக்கம்மாளிடமும் கையெழுத்து வாங்கினார்.

சைக்கிளை வளாகத்திலேயே ஒரு கம்பத்தோடு சேர்த்துப் பூட்டினார்கள். எங்கள் ஊரில் வேறு எதை எப்படிச் செய்தாலும் பூட்டுவதை மட்டும் யாரும் அரைகுறையாகச் செய்வதில்லை. உள்ளங்கை அகலத்துக்குப் பித்தளைப் பூட்டு. பூட்டியவர் அதை இரண்டு தரம் இழுத்துப் பார்த்து, "நம்மூர்ப் பூட்டும்மா. எவனாலயும் தொறக்க முடியாது" என்று அவளுக்குத் தைரியம் சொன்னார். சைக்கிள் சாத்தியப் பிரிவின் பொறுப்பு. சாவி பாதுகாப்புப் பிரிவின் பொறுப்பு. பைபாஸைத் தாண்டிப் போகையில் சாவி எங்கேயோ விழுந்துவிட்டது என்று இரண்டு வாரம் கழித்துத் தெரிந்தது.

அன்றிலிருந்து ராக்கம்மாள் ஐந்தே முக்காலுக்கே வீட்டிலிருந்து கிளம்பிக் கடைக்கு நடந்தாள். கோபம் வரவில்லையா என்று நாசர் பாய் ஒரு நாள் கேட்டார். அவள் யோசித்துப் பார்த்தாள். வர வேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. "ஜூனுக்குள்ள மூடிருவாங்களா பாய்?" என்று மட்டும் கேட்டாள்.

ஜூனில் ஆய்வறிக்கை வெளியீட்டு விழா நடந்தது. பந்தல், பூங்கொத்து, ஆளுக்கொரு பொட்டலம் பிரியாணி. அந்தப் பிரியாணிக்கு வெங்காயம் உரித்தவள் என்ற முறையிலும், மனுதாரர் என்ற முறையிலும் ராக்கம்மாள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சுற்றுச்சூழலுக்காக மேடைக்கு முன்னால் ஒரு சைக்கிள் வைத்திருந்தார்கள். அது ஓடிவிடாமல் இருக்க இரண்டு சக்கரத்துக்கும் அடியில் செங்கல் வைத்திருந்தார்கள். இயக்குநர் தண்டாயுதபாணி பேசினார்.

"பெரியவங்களே, நாங்க மூணு மாசம் இந்தப் பகுதியை விடாமக் கண்காணிச்சோமுங்க. இந்த மூணு மாசத்துல இங்க எத்தனை சைக்கிள் விபத்து தெரியுங்களா? ஒண்ணு கூட இல்லீங்க! பதிவான சைக்கிள் அத்தனையும், அதாவது நூத்துக்கு நூறு, பத்திரமா இருக்குதுங்க. எங்க வளாகத்துல போய் நீங்களே பாத்துக்கலாம். ஒரு கீறல் இல்லீங்க. ஆகவே சைக்கிள் பயணம் இந்தப் பகுதியில சாத்தியமுங்க, பாதுகாப்பானதுங்க. இதைச் சொல்ல ஒரு தைரியம் வேணுமுங்க. எனக்கு அந்தத் தைரியம் எப்படி வந்துச்சுன்னா, நான் அந்த ரோட்டுல போனதே இல்லீங்க. போயிருந்தா மனசு ஒரு பக்கம் சாஞ்சிருக்கும். ஆய்வுன்னா நடுநிலை வேணுமில்லீங்களா?"

கைதட்டினார்கள். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார்கள். ராக்கம்மாள் எழுந்தாள்.

"ஐயா, அந்தக் குழி?"

"அம்மா, இந்த மூணு மாசத்துல நீங்க அதுக்குள்ள விழுந்தீங்களா?"

"இல்லைங்கய்யா. நான் நடந்துதானே போறேன்."

"பாருங்க, மனுதாரரே சொல்லிட்டாங்க" என்றார் இயக்குநர். அவளுக்கு ஒரு பூங்கொத்து கொடுத்தார்கள். அவள் அதை இடது கையில் வாங்கினாள். விரல் பிடிக்கவில்லை, கீழே விழுந்துவிட்டது. குனிந்து எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ராக்கம்மாள் வீட்டுக் கொல்லையில் துணி துவைக்கிற கல் ஒன்று இருந்தது. நான்கடி நீளம், அரையடி கனம். நாசர் பாய், மாவு மில்லில் மூட்டை தூக்குகிற முத்துச்சாமி, இன்னும் இரண்டு பேர், கயிறு போட்டு அதை இழுத்து வந்து குழியின் மேல் சாய்த்தார்கள். கச்சிதமாக உட்கார்ந்தது. நாசர் பாய் அதன் மேல் ஏறி நின்று குதித்துப் பார்த்தார்.

"இம்புட்டுத்தானாக்கா?" என்றார்.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஸ்ரீமதி பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். சைக்கிள் வரும்வரை நடந்தே போனாள். ராக்கம்மாள் தரையில் போட்டுத் துணி துவைத்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு, கல் உட்கார்ந்த அன்றைக்குத்தான் அவளுக்கு நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. சந்தோஷமாக இருந்தது, இரண்டு பேரிடம் அதைச் சொல்லவும் செய்தாள். சொல்லியிருக்கக் கூடாது.

பதினெட்டாம் நாள் வாரியத்தின் ஜீப் வந்தது. கல்லைச் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். வாரியத்தின் ஆய்வால் விழிப்புணர்வு பெற்ற பொதுமக்கள் தாங்களாகவே முன்வந்து அமைத்த முதல் கட்டமைப்பு என்று செய்தி வந்தது. ராக்கம்மாளுக்கு அதில் வருத்தம் இல்லை. யார் பெயரைப் போட்டால் என்ன, குழி மூடியிருக்கிறது. ஆனால் ஆடி மாதம் பிறந்ததும் கிரேன் வைத்த லாரி ஒன்று வந்து கல்லைத் தூக்கியது. அவள் ஓடிப்போய்க் கேட்டாள்.

"எதுக்குங்க எடுக்குறீங்க?"

"பேரு வெட்டணும்மா. வாரியம் அமைச்ச கல்லுல வாரியத்துப் பேரு இல்லைன்னா நல்லாவா இருக்கும்? நத்தம் ரோட்டுப் பட்டறைக்குப் போகுது. வெட்டுனதும் கொண்டாந்துருவோம்."

"என்னைக்குங்க?"

"யார் பேரு மேல, யார் பேரு கீழன்னு முடிவானதும்."

பதினோரு உறுப்பினர்கள். சாத்தியப் பிரிவின் பெயர் முதலில் வர வேண்டுமா, பாதுகாப்புப் பிரிவின் பெயர் முதலில் வர வேண்டுமா என்று பேச ஒரு துணைக்குழு போட்டார்கள். குழி திறந்து கிடந்தது. அந்த வாரமே ஸ்ரீமதிக்குச் சைக்கிள் வந்தது. நீல நிறம், முன்னால் கூடை. தெருவில் அதை நாலு சுற்று ஓட்டிக் காட்டினாள்.

"அம்மா, நான் பாத்துப் போயிருவேன்மா. குழி எங்கன இருக்குன்னு எனக்குத் தெரியாதாக்கும்?"

"எனக்கும்தாண்டி தெரிஞ்சிருந்துச்சு" என்றாள் ராக்கம்மாள்.

அவள் கடைக்காரரிடம் பேசி, மதியத்துக்கு மேல் வெங்காயம் உரிக்க வருவதாகச் சொல்லிக்கொண்டாள். காலை எட்டு மணிக்கு மாவு மில் வளைவுக்குப் போனாள். குழியின் விளிம்பில், ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டாள். ஸ்ரீமதி வந்தாள், அம்மாவைச் சுற்றிக்கொண்டு போனாள். அவள் பின்னால் இன்னும் பிள்ளைகள் வந்தார்கள். அவர்களும் சுற்றிக்கொண்டு போனார்கள். எல்லாரும் போனபின் ராக்கம்மாள் வீட்டுக்கு வந்தாள். சாயங்காலம் வெங்காயத்தை நாலு மணிக்குள் முடித்து மறுபடி வந்து நின்றாள். மறுநாளும் நின்றாள். ஆவணி போனது, புரட்டாசி போனது. நின்று நின்று முதலில் கால் கடுத்தது, பிறகு அதுவும் தெரியவில்லை. சிரித்துக்கொண்டே மணியடித்துப் போகிற பிள்ளைகள் அவளுக்கு வணக்கம் வைக்கக்கூடப் பழகிவிட்டார்கள்.

மறுபடியும் ஐப்பசி வந்தது. மூன்று நாள் மழை. சாக்கடை நிரம்பி ரோடும் குழியும் ஒரே மட்டமாகத் தெரிந்தன. முழங்கால் வரை தண்ணீரில், தலையில் ஒரு உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ராக்கம்மாள் நின்றாள். அவள் நிற்கிற இடத்தை வைத்துத்தான் குழி எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியும்.

எட்டேகாலுக்குப் பிராங்க்ளின் குடையோடும் டேப்லெட்டோடும் வந்தான். அறிக்கைக்குப் பிறகு செய்கிற தொடர் ஆய்வாம்.

"அக்கா, நீங்களா?" என்றான். பிறகு திரையைப் பார்த்தான். "குழியோட நிலைன்னு கேக்குதுக்கா. திறந்திருக்கா, மூடியிருக்கா, தடுப்பு வச்சிருக்கா. மூணுல ஒண்ணு போடணும்."

அவளைப் பார்த்தான். தண்ணீரைப் பார்த்தான். மூன்றாவதைத் தொட்டான்.

"தடுப்பு எதுல செஞ்சதுன்னு கேக்குது. இரும்பு, கான்கிரீட், மற்றவை."

"மத்ததுன்னு போடு தம்பி."

போட்டான். அடுத்த கட்டம் திறந்தது. அவன் தயங்கினான்.

"எந்த வருஷத்துதுன்னு கேக்குதுக்கா."

"எண்பத்து நாலு."

அவன் அந்த எண்ணைப் போட்டான். திரை சிவப்பாக மாறியது. இந்த முறை அவன் அதைப் படித்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு, குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தான்.

"என்னப்பா போட்டிருக்கு?"

"பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆயிருச்சாம்க்கா. அப்புறப்படுத்தணும்னு வந்திருக்கு. நான் போடல, அதுவாப் போட்டுக்கிருச்சு."

தூரத்தில் மணிச் சத்தம் கேட்டது. ஸ்ரீமதியின் நீலச் சைக்கிள் மழைக்குள் தெரிந்தது, பின்னால் ஏழெட்டுச் சைக்கிள்கள். ராக்கம்மாள் இடது கையைத் தூக்கிக் காட்டினாள். விரல்கள் விரிந்தனவா என்று ஒரு தரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டாள். விரிந்திருந்தன.

"வந்து எடுத்துட்டுப் போகச் சொல்லு தம்பி" என்றாள், பிள்ளைகளிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆனா பூட்டி வச்சிர வேணாம்னு சொல்லு. சாயங்காலம் நாலரைக்குப் பள்ளிக்கூடம் விடுவாங்க."